ஜரிகை வெட்டிய புடவை

காலை எட்டு இருபதுக்கு அது நடந்தது. ஏனாத்தூர் சாலையில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது அங்கே மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, பின்னால் உட்கார்ந்திருந்த மகளிடம், "எட்டு இருபதுதான் ஆவுது, இன்னைக்கு லேட் இல்ல" என்றேன். அதற்குப் பிறகு நான் எதுவும் பேசவில்லை. ஸ்கூட்டி தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்ணில் சறுக்கிய சத்தம்தான் அடுத்த நினைவு.

டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். மகள் இடது கையைத் தூக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிமிர்த்திய ஒருவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, "தூங்கிக்கினே ஓட்டறியாம்மா? பொண்ண வேற பின்னாடி வச்சிக்கினு!" என்று கத்தினார். அது உண்மைதான். தூங்கியிருந்தேன்.

அதற்கு மூன்று மாதம் முன்பு எனக்கு அக்கி வந்தது. இடது விலாவைச் சுற்றி, மார்புக்குக் கீழிருந்து முதுகுத்தண்டு வரை, கொத்துக் கொத்தாகக் கொப்புளம். எங்கள் ஊரில் அக்கி வந்தால் முதலில் போவது மண்பாண்டம் செய்கிறவர்கள் வீட்டுக்கு. காவியைக் குழைத்து இறகால் கொப்புளத்தின் மேல் எழுதுவார்கள், மூன்று நாள் காலையில். நான் பட்டம் பெற்றவள், கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஆனாலும் அங்கேதான் போனேன். எனக்கு அக்கி எழுதிய அந்த வீட்டு அம்மா முதல் நாளே சொன்னாள்: "நான் எழுதறது எழுதறேன். நீ டாக்டரண்டையும் காட்டிடு கண்ணு. இப்பல்லாம் மாத்திரை இருக்குது இதுக்கு." காவி குளிர்ச்சியாக இருந்தது. மூன்று நாள் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். டாக்டரிடம் போனது ஆறாம் நாள். "ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும்" என்றார். எழுதியவள் மேல் எனக்குக் குறை இல்லை. அவள் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டேன்.

கொப்புளம் உதிர்ந்தது, வலி போகவில்லை. நரம்பு வலியை அனுபவிக்காதவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அடிபட்ட வலிபோல ஓரிடத்தில் நிற்காது. எரியும், பிறகு ஷாக் அடித்தாற்போல் வெட்டும், பிறகு ஒன்றுமே இல்லாததுபோல ஏமாற்றும். துணி பட்டால் போதும். ரவிக்கையின் ஓரம் உரசினால் கண்ணில் நீர் வரும். வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது, என் கணவர் நாள் முழுக்கப் பட்டுப் புடவை நெய்கிறார், நானோ எந்தத் துணியையும் மேலே போட முடியாமல் அலமாரி முன் நிற்பேன்.

நரம்புக்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முதலில் ராத்திரி ஒன்று, பிறகு காலையிலும் ஒன்று. வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் வாய் உலர்ந்தது, கணுக்கால் வீங்கியது, மலச்சிக்கல் படுத்தியது, தெரிந்த வார்த்தைகூடச் சமயத்தில் வாயில் வர மறுத்தது. எல்லாவற்றுக்கும் மேல் தூக்கம். "இதைச் சாப்பிட்டு வண்டி ஓட்டாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு டம்ளர் டீ குடித்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மகள் அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு. இருவரும் ஒன்றாகப் போய் வருவது அவள் பள்ளிக் காலத்திலிருந்து பழக்கம். அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

அன்று விழுந்ததில் அவள் மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. "எனக்கு ஒண்ணுமில்லமா" என்றாள் எல்லோர் முன்னாலும். மறுநாளிலிருந்து பஸ்ஸில் போகத் தொடங்கினாள். நான் ஏறும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்.

வண்டி சறுக்கிய அன்றே நான் மாத்திரையை நிறுத்திவிட்டேன், யாரிடமும் சொல்லாமல். இனி எல்லாம் இயற்கையாகவே பார்த்துக்கொள்வது என்று உறுதி. கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். மஞ்சள் பால், வேப்பிலைக் குளியல், ஏதோ ஒரு தைலம். தைலத்தைத் தேய்த்த பத்தாவது நிமிடம் விலாவில் தீ வைத்தாற்போல் ஆனது. மூன்றாம் நாள் நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கொட்டியது, தூக்கம் அறவே இல்லை. வலி முன்னைவிட இரண்டு மடங்காகத் திரும்பியது. நான்காம் நாள் மாலை, கல்லூரியிலிருந்து வந்த மகளின் பை வார் என் மேல் லேசாக உரசியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். என்னைப் பார்த்து என் மகள் பின்வாங்கியதை முதல் முறையாக அன்று கண்டேன்.

என் கணவர் மாத்திரை டப்பாவைத் திறந்தார்.

"ஏம்மா, அட்டை முழுசா இருக்குது? யாருக்கு எடுத்து வச்சிருக்கற, தீபாவளிக்கா?"

"எனக்கு அது வேணாம். அதாலதான் பொண்ணு கை உடைஞ்சிது."

"மாத்திரையா வண்டி ஓட்டிச்சி?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.

டாக்டர் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன், டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்தணும்னா நான் நிறுத்தறேன். நீங்க நிறுத்தாதீங்க. இது படிப்படியா இறங்கற மருந்து, மாடியிலேருந்து குதிக்கக் கூடாது." அந்த நான்கு நாள் பட்டது வலி மட்டுமல்ல, மருந்தைத் திடீரென்று விட்டதன் விளைவும்தான் என்று அப்போது தெரிந்தது. அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார். காலை மாத்திரையை மெல்ல மெல்ல எடுத்துவிடலாம், இரவு ஒன்று போதுமா என்று பார்க்கலாம், அவர் சொல்லும்வரை வண்டியைத் தொடக் கூடாது. "இயற்கையா செய்யணும்னு சொன்னீங்களே, அதுக்கும் நிறைய வேலை இருக்கு. ஆனா மாத்திரையோட சேர்த்து. என்ன செஞ்சாலும் என்கிட்ட சொல்லிட்டுச் செய்ங்க."

அந்த வேலைகளைத்தான் செய்யத் தொடங்கினேன். பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், கொஞ்சம் உட்கார்ந்து, தலை சுற்றல் அடங்கிய பிறகு எழுவது. வாய் உலர்ந்தால் சீரகத் தண்ணீர். தினமும் கீரை, சாயங்காலம் ஒரு கொய்யா. அலுவலகத்தில் மேசைக்குக் கீழே ஒரு பழைய பெட்டியைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தேன். வீக்கம் குறைகிறதா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். எரிச்சல் மிகும்போது குளிர்ந்த நீரில் பிழிந்த துணி.

வீடு சின்ன காஞ்சிபுரத்தில் என்பதால் நடப்பதற்குப் பெருமாள் கோயில் மாட வீதி இருந்தது. முதல் வாரம் ஒரு வீதிதான் முடிந்தது. பிறகு இரண்டு. நடந்து முடித்துக் கோயிலுக்குள் போய், ஆள் இல்லாத ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நிற்பேன். காலையில் அந்தக் கல் குளிர்ந்திருக்கும். ஒரு நாள் துப்புரவு செய்துகொண்டிருந்த அம்மா துடைப்பத்தை நிறுத்தி, "இன்னாமா, தினம் தூணுக்கு முட்டு குடுக்கற? நீ போய்ட்டா மண்டபம் சாஞ்சிடும் போலக்குது" என்றாள். அக்கி வந்ததிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரித்தபோது விலா வெட்டியது. ஆனாலும் சிரித்தேன்.

துணிப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டிப் பார்த்தேன். நடக்க நடக்க உரசியது. தளர்வாக இருந்தால்தான் அதிக வேதனை. உடம்போடு ஒட்டி, நகராமல், வழவழப்பாக ஒன்று இருந்தால் தாங்கும்போலத் தோன்றியது. இதைக் கணவரிடம் சொன்னபோது தறியில் இருந்தவர் நூல் ஓட்டும் ஓடத்தைக் கையில் வைத்தபடியே யோசித்தார். ஒரு பட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். புதுப் பட்டு, விறைப்பு. அதன் ஓரத்தில் ஜரிகை வேறு. எறும்பு ஊர்வதுபோல் கடித்தது.

"புதுசு வேலைக்கு ஆவாது" என்றார். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் தன் கையால் நெய்த முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். இருபது வருடத்துக்கு மேல் நான் கட்டிக் கட்டி மெத்தென்று ஆகிப்போன புடவை.

"அத எதுக்கு எடுக்கறீங்க?"

"இந்தப் பொடவ உடம்புல ஜரிகை கிடையாது, கரையில மட்டுந்தான். வெறும் பட்டு."

"வேணாங்க. அதுமேல கத்திரி வைக்காதீங்க."

நெய்கிறவர் வீட்டில் புடவையில் கத்திரி வைக்கிற வழக்கம் இல்லை. தறியிலிருந்து இறக்கும்போது அறுப்பது ஒன்றுதான். அதற்கே அவர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். அன்று கண்ணை மூடவில்லை. இரண்டு பக்கமும் ஜரிகைக் கரையை நேர்கோட்டில் வெட்டி எடுத்தார். நடுப்பாகத்தை அகலமாக மடித்து, மகளைக் கூப்பிட்டார். "உங்கம்மாவுக்கு சுத்தி உடு. இறுக்கமா, ஆனா மூச்சு முட்டாம."

அப்போது அவள் கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என்னருகே வரத் தயங்கினாள். பிறகு மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள். மூன்றாவது சுற்றில் அழுதாள்.

"வலிக்குதாமா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அன்னைக்கு நீ பேசறத நிறுத்திட்ட. எப்பவும் நீ காலேஜ் வர்ற வரைக்கும் ஏதாவது பேசிக்கினே வருவ. நான் காதுல பாட்டு மாட்டிக்கினு இருந்தேன். கவனிச்சிருந்தா எழுப்பியிருப்பேன்."

ஏழு வாரமாக அவள் என்னைக் கண்டு பயந்து முந்தைய பஸ்ஸில் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் தன்மேல் பழியைச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள். தப்பு என்னுடையது, டாக்டர் சொன்னதைக் கேட்காதது நான்தான் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனாலும் மறுநாளும் எனக்கு முந்தைய பஸ்ஸில்தான் போனாள்.

பட்டு தாங்கியது. வலியை அது போக்கவில்லை. ரவிக்கை உரசுவதை மட்டும் தடுத்தது. அதுவே எனக்கு நாள் முழுக்க நாற்காலியில் உட்காரப் போதுமானதாக இருந்தது. காலை மாத்திரை பாதியாகி, பிறகு இல்லாமலே ஆனது. இரவு மாத்திரை இன்னும் இருக்கிறது. வலியும் இருக்கிறது, ஆனால் வருவதற்கும் போவதற்கும் இடையில் இப்போது நிறைய நேரம் கிடைக்கிறது. போன வாரம் டாக்டர் என்னைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பகலில் கண் அயர்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, வண்டி ஓட்டலாம் என்றார்.

இன்று காலை தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். பெட்ரோல் பங்க் அருகே வேகத்தைக் குறைத்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புறப்படும் முன் மகளிடம், "சாயங்காலம் காலேஜ் கேட்டாண்ட நிக்கறேன். வர்றதுனா வா" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

நாலரைக்குக் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். இரண்டாவது ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி வைத்தேன். முதல் பஸ் நிரம்பிப் போனது. அதில் அவள் இருந்தாளா என்று தெரியவில்லை. இரண்டாவது பஸ் வந்தது, பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். அதுவும் கிளம்பியது. புழுதி அடங்கியபோது சாலையின் மறுபுறம் அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள். காதிலிருந்த இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் ஏறி, என் விலாவைத் தொடாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாய மூடாம பேசிக்கினே ஓட்டு. நீ நிறுத்தினா நான் இறங்கிடுவேன்" என்றாள்.