அண்ணன் பென்சில் எடுத்தால்

அண்ணன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, கைக்குழந்தையாக இருந்த எங்கள் தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அண்ணன் பென்சிலால் அவள் முகத்தை வரைந்து நீட்டினான். அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, "உன் கையில தெய்வம் இருக்குடா" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. சொந்தத்தில் யார் செத்தாலும் அண்ணனுக்குத்தான் முதலில் ஆள் வரும். அழுகிற வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

"மாமாவுக்கு மூக்கு இன்னும் எடுப்பா இருக்கும்பா."

"ஆயுசுல சிரிக்காத மனுஷன், நீயாவது சிரிக்க வைடா."

பாராட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு பூவையோ பூனையையோ வரைந்து காட்டினால், "நல்லாருக்கு" என்று பார்க்காமலே சொல்வார்கள். கடைசியில் அதுவே பிழைப்பானது. இறந்தவர்களின் பழைய படங்களைத் திருத்தித்தரும் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தான்.

உயிரோடிருக்கிற யாரும் அவன் முன்னால் வந்து உட்கார மாட்டார்கள். ஒருமுறை, தூங்கிக்கொண்டிருந்த தன் மகளை வரைய ஆரம்பித்தான். அண்ணி தாளைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அண்ணியை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன மாதம் அம்மா படுத்த படுக்கையானாள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று டப்பாவில் எழுதிவைக்க, அண்ணன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் இன்னும் இருக்கேன்டா" என்றாள் உள்ளேயிருந்து.