மாற்று ஆள் வரும்வரை

ரோண்டா ஸ்டக்கியைப் பற்றி ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கிறது. எழுதியது அவள் மகள். விமான நிலையத்துக் கடைகளில்கூட விற்கிறார்களாம். அப்புறம் நீ வேறு எதற்கு என்று கேட்காதீர்கள். அதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்தியவர்களில் ஒருத்தர்கூட ரோண்டாவோடு ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. நான் இருபது வருடத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

டயர் ஆலை மூடியதற்குப் பிறகு எங்கள் ஒஹையோ ஊரில் பெண்களுக்கு இருந்த வேலை முதியோர் இல்லம் ஒன்றுதான். நான் சமையலறையில். ரோண்டா மேற்குக் கூடத்தில் பணிப்பெண். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் துடைப்பது, திட்டு வாங்குவது. இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஷிஃப்டுக்கு மாற்று ஆள் வந்து, அறை அறையாகக் கூடவே நடந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நோயாளிகளைக் கைவிட்டதாக அர்த்தம். சான்றிதழைப் பிடுங்கிவிடுவார்கள், பிறகு எந்த இல்லத்திலும் சேர்க்கமாட்டார்கள். மாற்று ஆள் வராவிட்டால் இருப்பவள் அடுத்த ஷிஃப்டையும் பார்க்க வேண்டியதுதான். அவர்கள் கொடுக்கிற சம்பளத்துக்கு வாரத்தில் பாதி நாள் யாராவது வராமல் இருப்பார்கள். ரோண்டா ஒருநாளும் வாசலைத் தாண்டியதில்லை. புருஷன் ஓடிப்போன பிறகு அவளுக்கும் மகள் கேண்டிக்கும் சோறு போட்டது அந்தச் சான்றிதழ்தான்.

கேண்டியின் புத்தகம் முழுக்க இதுதான். பள்ளிக்கூட இசைக் கச்சேரியில் அவள் கிளாரினெட் வாசித்தபோது அம்மா வரவில்லை. பிறந்தநாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி கேக் செய்தாள். காய்ச்சலில் கேண்டி தனியாகக் கிடந்தாள். எனக்குப் புத்தகம் படிக்கிற வியாதி கிடையாது. ஆனாலும் இதை இரண்டே நாளில் முடித்துவிட்டு, எங்கேயாவது பொய் சொல்லியிருக்கிறாளா என்று மறுபடி புரட்டினேன். இல்லை. எல்லாம் நடந்ததுதான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ரோண்டா அதைத் தன் காரில் உட்கார்ந்து, சாப்பாட்டு இடைவேளைகளில் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா எனக்குன்னு ஒரு மூஞ்சியே இல்ல, பாத்தியா? யூனிஃபார்ம் இருக்கு, ஷூ இருக்கு, கையில பிளீச் வாசனை இருக்கு. மூஞ்சி எங்கடி?"

"உன் மூஞ்சியை அவ எப்படி பாத்திருப்பா? நீதான் வீட்டுலயே இல்லையே" என்றேன். வாய்க்கொழுப்பு. அவள் சிரித்தாள், ரொம்ப நேரம் சிரிக்கவில்லை.

புத்தகம் வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் நூலகம் 'ஊரே படிக்கும் புத்தகம்' என்று இதைத் தேர்ந்தெடுத்தது. ஆசிரியரே வந்து வாசிப்பார் என்று நூலக வாசல் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டினார்கள். ரோண்டா கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். பல்பொருள் அங்காடியில் காசாளர் பெண் அவள் கையை முகர்ந்து பார்க்கிற மாதிரி குனிந்தாளாம்.

பிறகு கேண்டியே ஃபோன் செய்தாள். மறுநாள் ரோண்டா சமையலறைக்குள் வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் சாய்ந்து, மகள் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"'அம்மா, வியாழக்கிழமை வாசிக்கிறேன். முன்வரிசையில உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்றேன். வரமுடியலைன்னா பரவாயில்ல.' பரவாயில்லைன்னு சொன்னா பாரு, அதுலதான் எல்லாம் இருக்கு. இந்தத் தடவை போகலைன்னா அவ்வளவுதான். இனிமே கூப்பிடமாட்டா."

"லீவு போடு."

"லீவா? குடுத்துட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க. ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியுது, ஏழு மணிக்கு வாசிப்பு. டெஸ்ஸா வந்துருவேன்னு சத்தியம் பண்ணியிருக்கா."

அன்றைக்கு மாற்று ஆளாக வரவேண்டிய டெஸ்ஸா நல்ல பெண்தான். கைக்குழந்தையும் ஓட்டை காரும் வைத்திருக்கிற நல்ல பெண்.

வியாழக்கிழமை மதியத்திலிருந்தே உறைமழை, விழுந்த இடமெல்லாம் பனிக்கட்டியாகி வழுக்கியது. நான் பிற்பகலிலேயே வேலை முடித்து, எலுமிச்சை கேக் துண்டுகளோடு நூலகத்துக்குப் போய்விட்டேன். கூட்டம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் காலி. கேண்டி மைக் முன்னால் நின்று அந்தக் கச்சேரி அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்தாள். வரிக்கு வரி அந்த நாற்காலியைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். நூலகக் கதவை ஓடிப்போய்ப் பிய்த்து எறியலாம் போல இருந்தது எனக்கு.

பாதியில் கதவு திறந்தது. ரோண்டா. யூனிஃபார்மோடு, தலையெல்லாம் நனைந்து, மாற்றிக்கொள்ள எடுத்துவந்த புதுச் சட்டை கையிலிருந்த பையிலேயே. கேண்டி வாசிப்பதை நிறுத்தினாள். அப்புறம், "எங்க அம்மா வந்திருக்காங்க" என்றாள். ஊரே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், அழுதுகொண்டே தட்டினேன், மறைப்பானேன். ரோண்டா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முடியும்வரை மகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கையெழுத்தெல்லாம் போட்டு முடித்ததும் கேண்டி அவளைக் கட்டிப்பிடித்தாள். "நன்றித் திருநாளுக்கு வீட்டுக்கு வர்றேம்மா. வான்கோழி நான் செய்றேன். நீ சும்மா உக்காரு" என்றாள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

"டெஸ்ஸா வந்துட்டாளா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"பாலத்துகிட்ட வந்துட்டேன், பத்து நிமிஷம்னு மெசேஜ் போட்டா. கிழக்குக் கூடத்து நர்ஸ்கிட்ட சொன்னேன். 'அவ உள்ள வரட்டும் ரோண்டா, உனக்குத் தெரியாததா?'ன்னா. நான் கோட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

டெஸ்ஸாவின் கார் பாலத்தைத் தாண்டி வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் கிடந்தது. மேற்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. அங்கே வில்மர் லேமன் என்று ஒரு பழைய விவசாயி இருந்தார். இருட்ட ஆரம்பித்தால் மாடு கறக்கப் போகணும் என்று எழுந்துவிடுவார். "கறந்தாச்சு வில்மர், எல்லா மாடும் படுத்தாச்சு" என்று ரோண்டா சொன்னால்தான் படுப்பார், வேறு யார் சொன்னாலும் லேசில் நம்பமாட்டார். அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. எழுந்து போனார். கூடத்துக் கோடியில் இடுப்பு முறிந்து கிடந்தவரை நர்ஸ் ரொம்பப் பிந்தித்தான் பார்த்தாள். மூன்றாவது வாரம் இறந்துபோனார்.

இறுதிச் சடங்குக்கு ரோண்டா போனாள். லேமன் குடும்பத்தார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சான்றிதழ் போயிற்று. டெஸ்ஸாமேல் யாரும் கோபப்படவில்லை, ரோண்டாவும் இல்லை. சட்டம் தெளிவாகத்தானே இருக்கிறது.

நவம்பர் கடைசியில் குடும்பமெல்லாம் கூடிச் சாப்பிடும் அந்த நன்றித் திருநாளுக்கு ரோண்டா வான்கோழி வாங்கி வைத்தாள். அதற்கு முந்தின நாள் கேண்டி ஃபோன் செய்தாள். தொலைக்காட்சியில் கூப்பிட்டிருக்கிறார்கள், தட்ட முடியவில்லை, கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் என்றாள். கிறிஸ்துமஸுக்கும் ஏதோ வந்தது. அந்த வான்கோழியை நானும் ரோண்டாவும் சாப்பிட்டோம். காய்ந்துபோயிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன்.

இப்போது அவள் நெடுஞ்சாலையோரத்து மலிவு விலைக் கடையில் அலமாரி அடுக்குகிறாள். போன வாரம் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தது. கடைசியில் ஒரு அத்தியாயம் சேர்த்திருக்கிறாள் கேண்டி. இடைவேளையில் என் காரில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்தோம். மூக்குக்கண்ணாடி எடுத்துவரவில்லை என்று ரோண்டா சொன்னதால் நான் வாசித்தேன். உறைமழை, காலி நாற்காலி, நனைந்த தலையோடு வந்த அம்மா. வேலையை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டு வந்தாளாம். இப்போது ஓய்வாக, சந்தோஷமாக இருக்கிறாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓய்வா? வில்மர் விஷயத்தை அவகிட்ட சொல்லவே இல்லையா நீ? சான்றிதழ் போனது?"

"ஓய்வு வாங்கிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்டி?"

"சொன்னா அந்த சாயங்காலமும் கெட்டுப்போயிடும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நல்லதா இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் போட்டு உடைக்கச் சொல்றியா?"

கடைசி வரியை மட்டும் படி என்றாள். படித்தேன்: 'அந்த மாலையில் என் அம்மாவை நான் மன்னித்தேன்.'

ரோண்டா கடையின் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிட்டாளா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை ஃபோன்ல பேசினோமே. எங்கிட்ட சொல்லவே இல்லையே அவ."

இடைவேளை முடிந்துவிட்டது. இறங்கி உள்ளே போனாள்.