நான் திருப்பிப் போட்ட சீட்டு

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். தட்டில் வசனச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று. கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தந்த வார்த்தை. எடுத்ததைத் திருப்பிப் போடக் கூடாது. நான் போட்டேன்.

முதலில் எனக்கு வந்தது, பயப்படாமல் எழுந்து வேலையைச் செய் என்கிற மாதிரி ஒரு வசனம். எஸ்டேட் எஸ்டேட்டாகக் காப்பி பறித்து இடுப்பு ஒடிந்தவளுக்கு இதுதானா வார்த்தை என்று எரிச்சல் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதை மேலாகவே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தேன். சும்மா நில், கர்த்தர் செய்வார் என்றது. சந்தோஷமாக பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் நின்றவன் என் தம்பி. மலைமேல் வாழவந்திப் பக்கம் அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டம் ஆளுக்குப் பாதி. நடுவில் ஒரு கல் சுவர். மறுவாரமே அவனும் அவன் மனைவியும் தங்கள் பங்கில் இருந்த ஊற்றுக்குக் கீழே குட்டை வெட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏண்டா, வெள்ளத்துக்குப் பேழை கட்டப் போறியா? மழையவே காணோம்" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சிரித்தேன்.

"சிரிங்க்கா. பேழை கட்டுனப்பவும் சிரிச்சாங்க" என்றான்.

காப்பிச் செடியில் மொட்டு வந்து நின்றால் ஒரு நல்ல மழை வேண்டும். பெய்தால் பூக்கும். தப்பினால் மொட்டு கருகும், அந்த வருஷம் காய் கிடையாது. எனக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு வழியில்லை. பங்குனி வந்தது, மழை வரவில்லை. நான் ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றேன். அவன் குட்டையில் சேர்ந்த ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்துச் செடிகளுக்குத் தெளித்தான். ஒன்பதாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. பூ வாசனை என் வீட்டுக்குள் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். அப்படியும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து சாட்சி சொன்னான். ஆண்டவர் எழுந்து செய்யச் சொன்னார், செய்தேன், பூத்தது என்றான். என் வசனம். எனக்கு வந்தது. சபையே அல்லேலூயா சொன்னபோது நான் பைபிளுக்குள் இருந்த சீட்டைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்தச் சீட்டு என்னுதுடா."

"தெரியுமுங்க்கா. நீங்க திருப்பி வெச்சதப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். சின்னதுல இருந்து நீங்க வேண்டாம்னு தள்ளுனதெல்லாம் எனக்கு நல்லாத்தான் இருந்துருக்குது."

அறையலாம் போலிருந்தது. அவனே தொடர்ந்து, "குட்டையில இன்னும் தண்ணி கெடக்குது. ஓஸ் பைப்பச் சொவத்துக்கு மேல போட்டுடறேன். நின்னுக்கிட்டே இருக்காம வந்து புடிங்க" என்றான்.

வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதையும் தள்ளினால் அதுவும் அவனுக்கே நல்லதாகிவிடும். போய்ப் பிடித்தேன்.

பாதிச் செடி பூத்தது. மீதி மொட்டு ஏற்கெனவே கருகிப் போயிருந்தது. சும்மா நில் என்ற வசனத்தில் பிழையில்லை. அது எனக்கு வந்ததில்லை, நான் பொறுக்கியது. இதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை. பொறாமையும் போகவில்லை. இனிமேல் சீட்டு எடுக்கும்போது அவனை எனக்கு முன்னால் விட்டுவிடுவேன்.