எண்ணிக்கைக்கு மட்டும்தான் என்றார்

சேலத்தில், படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. "கம்பெனியில இருக்கற கம்ப்யூட்டருக்கெல்லாம் இவதான் பொறுப்பு" என்பார் மாமியார். ஏறக்குறைய அதுதான். புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் அன்று அதன் முதுகில் ஒரு எண்ணை ஒட்டுவேன். அது யாரிடம் போகிறது, அதில் என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கிறது, எதன் லைசென்ஸ் எப்போது முடிகிறது, எல்லாம் என் தலையில். கடைசியில் அது ஓடாமல் ஓய்ந்துபோகும்போது, உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டுப் பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுப்பவரிடம் ஒப்படைப்பதும் நான்தான்.

எனக்குப் பிடித்த வேலை அது. நாமக்கல் பக்கம் இருந்த எங்கள் தறிக்கூடத்துக்கு மாதம் ஒரு முறை போவேன். அங்கே கம்ப்யூட்டர்களைத் திறந்தால் உள்ளே பஞ்சு மெத்தை போல அடைத்துக் கிடக்கும். காற்றாடி சுற்ற முடியாமல் முனகும். புளோயரால் ஊதினால் என் தலைமுடியெல்லாம் வெள்ளையாகிவிடும். ஆபீஸில் ஆறு வருடம் உழைக்கும் மெஷின் அங்கே மூன்று வருடத்தில் செத்துப்போகும். அதற்கெனத் தனியாகப் பட்ஜெட் கேட்டு வாங்கினேன். கேட்டதும் தந்தவர் எங்கள் பொது மேலாளர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். குழந்தை பிறந்து நாலு வருடம் வீட்டிலிருந்த என்னை, இன்டர்வியூவில் மற்றவர்கள் தயங்கியபோது, "இந்தப் பொண்ணு கண்ணுல ஒழுங்கு தெரியுது" என்று சொல்லி எடுத்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிள்ளைகளைப் பாசமாக அழைப்பதுபோல சாமி என்றுதான் கூப்பிடுவார். ஜேடர்பாளையத்தில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று, நான் கைப்பையை எடுப்பதற்குள் தன் காரையும் டிரைவரையும் வாசலில் நிறுத்தியிருந்தார். "நீ போ சாமி, இங்க நான் பாத்துக்கறேன்." அந்தக் காரில் போகும்போது வழியெல்லாம் அழுதேன். அப்பாவை நினைத்து மட்டுமல்ல. இப்படி ஒரு மனிதர் கிடைத்திருக்கிறாரே என்றும்தான்.

ஒரு முறை, நாங்கள் வாங்கிய லைசென்ஸைவிட அதிக மெஷின்களில் ஒரு சாஃப்ட்வேர் ஓடுவதாக, அதை விற்ற கம்பெனியிடமிருந்து எச்சரிக்கை வந்தது. மேலாளர் என்னை அழைத்தார். எல்லா மெஷினிலும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டுவிட்டால், எதில் என்ன இருக்கிறது என்று அதுவே எண்ணிச் சொல்லிவிடும் என்றார். நானும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான்.

"இது எண்ணிக்கைக்கு மட்டுந்தாஞ்சாமி. எந்த சாஃப்ட்வேர், எத்தனை மெஷின், டிஸ்க் எவ்வளவு பழசு, அவ்வளவுதான். நீயே ஒவ்வொருத்தர் சீட்டுக்கும் போய்ப் பக்குவமாச் சொல்லிப் போட்டு உடு."

அந்தப் புரோகிராம் முழுவதையும் திறக்கும் பாஸ்வேர்டு தன்னிடம் இருக்கட்டும் என்றார். பெரிய கம்பெனிகளில் அப்படித்தான் முறையாம். நானும் சரி என்றேன்.

இரண்டு வாரம் சீட்டு சீட்டாகப் போனேன். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாங்கள் என்ன செய்கிறோம் என்று இது பார்க்குமா? பார்க்காது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "நீ சொன்னாச் சரிதாம்மா" என்று நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

என் தோழிக்கு அந்தக் கேள்விகூட வரவில்லை. அவள் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தாள். சேலம் டவுனிலேயே அம்மாபேட்டைக்காரி. மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான். நான் "ஊட்டுக்குப் போலாமா" என்று சொல்லும்போதெல்லாம், "வீடுன்னு சொல்லு, வாய் சுளுக்கிக்காது" என்று கிண்டல் செய்வாள். லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, "என்ன வேணும்னாலும் போட்டுக்கோ, எங்கிட்ட என்ன ரகசியம் இருக்கு" என்றாள்.

அடுத்த சில மாதங்களில் ஆர்டர் கூடியது. ஏற்றுமதிப் பிரிவுப் பெண்கள் இரவு எட்டு மணிவரை இருக்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில்தான், செலவைக் குறைக்கிறோம் என்று, அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும் வேனை நிறுத்தினார்கள். லாரிகள் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலை ஓரமாக நடந்துதான் பஸ் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் பின்னாலேயே இரண்டு பேர் பஸ் நிறுத்தம்வரை வந்திருக்கிறார்கள். அவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

தோழி கொதித்துப்போனாள். பெண்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, மேலாளரைத் தாண்டி நேராக முதலாளியிடமே மனு கொடுப்பது என்று முடிவு செய்தாள். மதிய இடைவேளையில் தன் லேப்டாப்பில் கொஞ்சம் கொஞ்சமாக அதை எழுதினாள்.

"கையெழுத்து வாங்கற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்," என்றாள்.

அந்த மனு முடியவே இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை அவளை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். போனவள் வெகுநேரம் வரவில்லை. மதியத்துக்கு மேல், லேப்டாப்பையும் சார்ஜரையும் மவுஸையும் சுமந்துகொண்டு என் மேசைக்கு வந்தாள். வேலையை விட்டுப் போகிறவர்கள் என்னிடம்தான் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

"என்ன இது?" என்றேன்.

"விருப்பப்பட்டு விலகறேன்னு எழுதி வாங்கிட்டாங்க." குரல் தட்டையாக இருந்தது. "நான் எழுதினது அவர் டேபிள்ல இருக்கு. பாதியில நிறுத்தின வரி பாதியிலேயே இருக்கு. நான் யாருக்கும் அனுப்பலை, பிரிண்ட் எடுக்கலை. உனக்கு மட்டும்தான் தெரியும்."

"சத்தியமா நான் சொல்லலை. எனக்கு எதுக்குப் புள்ள..."

"மெஷின் எல்லாம் உன் கையிலதானே இருக்கு." சார்ஜர் வயரைச் சுற்றி, நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதைப்போல ஒழுங்காகக் கட்டி வைத்தாள். "சரிபாத்துக்கோ. எல்லாம் சரியா இருக்குதா?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். போய்விட்டாள்.

விலகியவரின் மெஷினில் இருப்பதை அழித்து அடுத்தவருக்குத் தயார் செய்ய வேண்டும். எனக்குக் கை ஓடவில்லை. மூன்றாம் நாள்தான் அவள் லேப்டாப்பைத் திறந்தேன். டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. அவளுடைய கோப்புகளோ கொஞ்சம்தான். மீதி இடத்தை எது அடைக்கிறது என்று தேடினேன். நான் போட்ட அந்தப் புரோகிராமுக்குள், மறைத்து வைத்திருந்த ஒரு ஃபோல்டரில் படங்கள் இருந்தன. அத்தனையும் அவள் திரையின் படங்கள். சில நிமிடங்களுக்கு ஒன்றாக எடுக்கப்பட்டவை. மனு வரிவரியாக வளர்ந்துகொண்டே போனது. அவள் மகனின் மார்க்குகள் இருந்தன. பேங்க் பக்கம் ஒன்று இருந்தது. ஒரு படத்தில் நாங்கள் இருவரும் சாட்டில் பேசிக்கொண்டது. "நாளைக்குத் தக்காளி சாதம் கொண்டுவாரேன், நீ அப்பளம் மட்டும் எடுத்துட்டு வா" என்று நான் எழுதியிருந்தேன்.

புரோகிராமை விற்ற கோயமுத்தூர் கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் செய்து அந்த ஃபோல்டரைப் பற்றிச் சொன்னேன். வழக்கமாக எனக்கு உதவுபவர்தான்.

"நெட் ஸ்லோவா இருந்தா படமெல்லாம் சர்வருக்குப் போகாம மெஷின்லயே தங்கிடும் மேடம். நான் க்ளியர் பண்ணித் தரட்டுங்களா?"

"இல்லீங்க. திரையைப் படம் எடுக்கும்னு எங்கிட்ட யாருமே சொல்லலீங்களே."

"உங்க சார் முதல் நாளே அதைத்தானே மேடம் கேட்டாரு? அதுக்காகத்தானே இந்த பிளானையே எடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

போனை வைத்துவிட்டு என் கம்ப்யூட்டரிலும் அந்த ஃபோல்டரைத் தேடினேன். அதிலும் இருந்தது.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். "உக்காரு சாமி" என்றார். நான் உட்காரவில்லை.

"எண்ணிக்கைக்கு மட்டும்னு சொன்னீங்களே சார்."

என்ன கேட்கிறேன் என்று உடனே புரிந்துகொண்டார். மறைக்கவும் முயலவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"கம்பெனி மெஷின். கம்பெனி பாக்கறதுல என்ன தப்பு?"

"எங்கிட்ட மறைச்சீங்களே. எல்லாருகிட்டயும் பாக்காதுன்னு நான் சொன்னேனே."

"உங்கிட்ட சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்ட. வேற ஆளு போட்டிருந்தா இவங்க சம்மதிச்சிருக்க மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க சாமி. அது உம்மேல இருக்கற மரியாதை." பாராட்டுகிறவரைப் போலவே சொன்னார்.

"என்னோட மெஷின்லயும் இருக்குதுங்களே சார்."

"எல்லாருக்கும் ஒண்ணுதானே. உனக்கு மட்டும் வேண்டாம்னா அது நியாயமா?"

அப்பாவுக்காக அனுப்பிய கார் நினைவுக்கு வந்தது. அதுவும் பொய்யா என்று அந்த இடத்திலேயே யோசித்தேன். பொய்யாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் அன்று உண்மையாகத்தான் அனுப்பினார் என்று இப்போதும் நினைக்கிறேன். அதனால்தான் அந்த மனிதரை என்னால் ஒரேயடியாக வெறுக்க முடியவில்லை, அந்த எரிச்சலும் தீரவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இந்தப் புரோகிராம் உங்கள் திரையைப் படம் எடுக்கிறது. எனக்கே அதைச் சொல்லாமல் என் கையால் போட வைத்திருக்கிறார்கள். இனி நீங்கள் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பெரிய கொந்தளிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். சிலர் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஒருவர், "எல்லாக் கம்பெனியிலயும் இருக்கறதுதானுங்க" என்றார். கணக்குப் பிரிவுப் பெரியவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாபேட்டைக்குப் போனேன். தோழியின் வீட்டு வாசலில் அவள் மகன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். உள்ளே போய் அம்மாவைக் கூட்டிவந்தான். அவள் கதவருகிலேயே நின்றாள். நடந்தது அத்தனையும் சொன்னேன். ஃபோல்டர், இன்ஜினியர், மேலாளர் சொன்னது எல்லாமே.

"நீ போய்ச் சொல்லலைன்னு நம்பறேன்," என்றாள் கடைசியில்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"அவர் ஏமாத்தினது உன்னை. எனக்கு வேலை போச்சு. என் பேங்க் கணக்கு, என் புள்ளையோட மார்க் எல்லாம் யார் யாரோ பாத்திருக்காங்க. எல்லாம் நீ பக்கத்துல உக்காந்து போட்டுக் குடுத்தது. உம்மேல கோவமில்ல. ஆனா உன்னைப் பாத்தா அதுதான் ஞாபகம் வருது. நான் என்ன பண்ண?"

காபி குடிக்கிறாயா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மெஷின்களை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே வேன் மறுபடியும் ஓடத் தொடங்கியது. பெண் ஊழியர்களின் நலன் கருதி நிர்வாகமே எடுத்த முடிவு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பழையபடி கம்ப்யூட்டர் பொறுப்புக்கே சேர்ந்தேன். இங்கே ஒரு புரோகிராமை வாங்கும் முன், விற்க வருபவரிடம் அதன் முழுப் பாஸ்வேர்டும் என்னிடம் இருக்குமா என்று முதலில் கேட்கிறேன். இல்லையென்றால் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடுவதில்லை. கல்லூரி முதல்வருக்கு இது பிடிக்கவில்லை. பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன்.

நான் விலகிய பிறகு ஒரு முறை மேலாளர் போன் செய்தார், ஏதோ பழைய சர்வரின் விவரம் கேட்டு. "நல்லாருக்கியா சாமி?" என்றார், எதுவுமே நடக்காததுபோல. "நல்லாருக்கேனுங்க சார்" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. போனை வைத்த பிறகு வெகுநேரம் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

தோழியைப் போன வருடம் சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆத்தூரைத் தாண்டிக் கெங்கவல்லியில் ஒரு கல்யாணம் என்றாள். ஈரோட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். என் மாமியாரின் கண் ஆபரேஷனைப் பற்றி மறக்காமல் விசாரித்தாள். நான் அவள் மகன் படிப்பைக் கேட்டேன். சிரித்துச் சிரித்துத்தான் பேசினோம். புது நம்பரை அவள் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆத்தூர் பஸ் வந்ததும் ஏறி, முன்பக்கம் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது ஒரு தடவை கையசைத்தாள். பிறகு வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் பேசத் தொடங்கினாள்.