நெஞ்சுப்பக்கம் அவள் பின்னியது

எழுபதுகளில் சூரியநெல்லி எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீட்டில் இருந்தோம், நானும் என் கணவரின் அண்ணன் மனைவியும். அடுப்பு ஒன்று. அதைத் தவிர எங்களுக்குள் எதுவும் ஒன்றாக இருந்ததில்லை.

மாமனாருக்கு ஃபேக்டரி வாசலில் காவல் வேலை. விடியுமுன் போய் நிற்க வேண்டும். அந்த வருடம் இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சில் குளிர் பட்டால் ஆள் படுத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனி இறங்குவதற்குள் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் வாங்கிவந்த மாமியார், ஒருத்தியிடம் கொடுத்தால் இன்னொருத்தி மூஞ்சியைத் தூக்குவாள் என்று, முன்பக்கத்தை அவளிடமும் முதுகுப்பக்கத்தை என்னிடமும் கொடுத்தார். பட்டை பட்டையாகப் பின்ன வேண்டும். தைக்கும்போது இரண்டு பக்கத்துப் பட்டையும் சேர வேண்டும்.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எண்ணிய வரிசையில் எப்போதும் சந்தேகம். பிரிப்பேன், மறுபடி பின்னுவேன். ஆனால் ஒன்று தெரியும். பட்டையை இரட்டைப்படை வரிசையில் முடித்தால், விட்ட நிறத்து நூல் அதே ஓரத்தில் காத்துக் கிடக்கும். அறுக்க வேண்டாம். அடுத்த நூலோடு ஒரு சுற்றுச் சுற்றி மேலே கொண்டுபோகலாம். அந்த நூல் தளர்ந்து தொங்கினால் தேயிலைக் குச்சியில் மாட்டுமே என்று எனக்குப் பயம். கொழுந்து எடுக்கப் போய்க் கிழிந்த சேலை கொஞ்சமா? இழுத்து இழுத்துப் பிடித்தேன். ஓரம் சுருங்கி, முதுகு நாலு விரல் குட்டையாகிவிட்டது.

அவளுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நிறம் மாறும்போதெல்லாம் நூலை அறுத்தாள், கொழுந்துச் சாக்கைக் கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டாள்.

இரண்டையும் சேர்த்துவைத்தபோது எந்தப் பட்டையும் எதனோடும் சேரவில்லை. தேயிலைக் குச்சியில் மாட்டக்கூடாதென்றுதான் இழுத்துப் பிடித்தேன் என்றேன்.

"ஏட்டி, ஓரத்த உள்ள வச்சுத்தானே தைக்கப் போறோம். அங்கன எந்தத் தேயில வந்து மாட்டும்?" என்றாள்.

நான் முன்பக்கத்தைப் புரட்டினேன். அவளுடைய முடிச்சுகளைத் தடவிக் காட்டினேன். "மாமா நெஞ்சுல முள்ளு வச்ச மாதிரி இருக்குக்கா. ஒங்களுக்கு அதுதான வேணும்."

பிரி என்றாள். முதலில் நீங்கள் பிரியுங்கள் என்றேன். மாமியார் இருவரையும் ஏசிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. அதற்குள் பனி இறங்கிவிட்டது. கடைசியில் மாமியாரே தோளை மட்டும் சாக்கு ஊசியால் மூட்டி, விலாவில் சணலால் கட்டி, மாமனாருக்கு மாட்டிவிட்டார். ரெண்டு மருமகள் உள்ள வீடு என்று தூரத்திலேயே தெரிகிறதே என்று ஃபேக்டரி வாசலில் கேலி செய்தார்களாம். மாமனார் சிரிக்காமல் வந்து சொன்னார். அந்த வாரமே படுத்துவிட்டார்.

அவர் இருமும்போதெல்லாம் அவள் என்னைப் பார்ப்பாள். என் பக்கம் குட்டையானதால்தான் விலா வழியே காற்றுப் புகுந்தது என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்தாள். நான் யாரிடமும் போய் வாதாடவில்லை. இருமல் முதுகிலிருந்தா வருகிறது? நெஞ்சுப்பக்கம் பின்னியது அவள்.