கிணற்றுக் கயிற்றில் அளந்த மாடி

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மருத்துவமனை மொட்டைமாடியிலிருந்து மச்சான் கீழே விட்டுக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. என் அக்காவைக் கட்டியவர். ஆனையூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பல கிணறுகளுக்கு மோட்டார் மாட்டியவர். கிணற்றின் ஆழத்தை அளக்கும் கயிற்றாலேயே கட்டடத்தின் உயரத்தையும் அளந்தார். எழுபதுகளின் கடைசி அது. பசுமலைக்குப் போகிற வழியில் புதிதாக வந்த பிரசவ மருத்துவமனை. கீழே விறகு பாய்லர். அதன் வெந்நீர் மூன்று மாடிக் குளியலறைகளுக்கும் போய்ச் சுற்றித் திரும்பி வர ஒரு பம்ப் வேண்டும். டவுனில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை.

நான் அப்போதுதான் பாலிடெக்னிக் முடித்திருந்தேன். "மச்சான், இது கிணறு இல்ல. ஏறுன தண்ணி இன்னொரு குழாய் வழியா கீழ திரும்புது. இறங்குற தண்ணி பாரம் ஏறுற தண்ணிக்கு ஈடாயிரும். குழாய்க்குள்ள உரசுறதைத் தாண்டித் தள்ளுனாப் போதும், சின்ன பம்பே தாங்கும்" என்றேன். அவர் சிரித்தார். "இம்புட்டு உசரத்துக்கு உன் சின்ன பம்பு மூச்சு வாங்கிரும் மாப்ள. மூணாம் மாடிக்குச் சுடுதண்ணி வரலேன்னா நான் மூஞ்சிய எங்க வைக்கிறது?" எங்கள் பக்கத்தில் மோட்டார் என்றாலே குதிரைசக்தி கூட இருப்பதுதான் கௌரவம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் மூன்று போட்டால் நாம் ஐந்து போட வேண்டும். அந்த வீம்பிலேயே ஒரு தடியன் பம்பைக் கொண்டுவந்து மாட்டினார். குழாயைத் திறந்ததும் மூன்றாம் மாடியில் வெந்நீர் பாய்ந்தது. டாக்டரம்மா பாராட்ட, என்னை ஓரக்கண்ணால் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

பாய்லரின் ஆவி வெளியேற, மாடியிலிருந்த பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வாயை வளைத்துவிட்ட குழாய் ஒன்று உண்டு. அந்த வழியாக வெறும் ஆவிதான் போக வேண்டும். இந்தப் பம்பின் முரட்டுத் தள்ளலில் வெந்நீரே அதில் ஏறி, அந்தத் தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் கொட்டியது யாருக்கும் தெரியாது. விடிந்ததும், அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பிள்ளை பெற்றிருந்த ஒரு பெண் கை கழுவப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். இரண்டு கையும் வெந்து பொத்துப்போய்விட்டது. பிள்ளையைத் தூக்க முடியாமல், பக்கத்திலிருந்தவர்களைத் தூக்கச் சொல்லி அழுதாளாம்.

"பட்டிக்காட்டுப் பொண்ணு, குழாய மாத்தித் தொறந்திருக்கா" என்றார்கள் எல்லோரும். அவளும் அதையே சொன்னாள். மச்சான் நம்பவில்லை. மாடிக்கு ஏறியவர், தொட்டியிலிருந்து ஆவி பறப்பதைப் பார்த்து அங்கேயே குந்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, டாக்டரம்மா, நர்சுகள் எல்லோர் முன்னாலும், "தப்பு அந்தப் புள்ளது இல்லம்மா. நான் போட்ட பம்பு" என்று சொன்னார். அதன் பிறகு டவுனில் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் அன்று வந்த கோபமும் மரியாதையும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன. இன்று நானே ஓட்டல்களுக்கு வெந்நீர்ப் பம்ப் கணக்குப் போடுகிறேன். கட்டட உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிடுகிறேன்.

அந்த மருத்துவமனையில் சின்ன பம்பை மாட்டிய பிறகு மச்சான் அந்தப் பெண்ணை அதே குழாயடிக்குக் கூட்டிப்போனார். பச்சைத்தண்ணீரைத் திறந்து, தன் கையை நீட்டிக் காட்டினார். "பாரு தாயி, ஜில்லுன்னு வருது. அன்னைக்கி நீ சரியாத்தான் தொறந்த. எம்மேலதான் தப்பு."

அவள் கட்டுப்போட்ட கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "எம்மேல பழி வரக் கூடாதுன்னு சொல்றீகண்ணே. எனக்குத்தேன் குழா பாக்கத் தெரியல. எங்காத்தா வரட்டும், அது தொறந்து தரும்" என்றாள். மச்சான் நீட்டிய கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை.