விசில் சாமியின் முக்காலி

சூடான கொண்டைக்கடலைச் சுண்டலில் பச்சைத் தேங்காய்த் துருவல் விழுகிற வாசனை வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. பல வருடங்களாக எனக்கு இருந்துவந்த இந்தச் சந்தேகம் போன மாதம் ஊரறிய உறுதியாகிவிட்டது. கோலாலம்பூருக்கு வெளியே செமினியில், குளிர்சாதனம் போட்ட ஒரு புது மண்டபத்தில், மதங்களுக்கிடையே புரிதல் என்ற தலைப்பில் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். பின்கட்டிலிருந்து சுண்டல் வாசனை வர வர எனக்குப் பேச்சும் பொங்கிக்கொண்டு வந்தது. கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலியில் வந்து உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கூட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அத்தனை நெற்றியிலும் திருநீறு. வேறு மதத்துக்காரராக இருக்கலாம் என்று தோன்றிய ஒரே ஆள் வாசலில் கார்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த நேப்பாளக் காவலாளி. விசாரித்தேன். அவரும் இந்துவாம்.

எங்கள் விசில் சாமியின் நினைவு நாள் அது. அவர் இருந்திருந்தால் என்னைப் பேசவே விட்டிருக்க மாட்டார்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸ் இருந்த காலத்தில், எனக்குப் பத்து வயது. குவாட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சாமி வகுப்பு நடத்துவார். காவி கட்டுவதற்கு முன்னால் முப்பது வருடம் ரயிலுக்குக் கொடி காட்டியவர். வேலையை விட்டபோது கொடியைத் திருப்பிக் கொடுத்தவர் விசிலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு விசில் ஊதினால் வகுப்பு ஆரம்பம், நீளமாக ஊதினால் யாரோ உதை வாங்கப் போகிறார்கள். பெரியவர்கள் 'சுவாமிஜி' என்பார்கள். எங்களுக்கு 'விசில் சாமி'தான்.

அவர் வகுப்பில் ஒரு முக்காலி இருந்தது. காலில் ஒன்று கொஞ்சம் குட்டை, உட்கார்ந்தால் 'லொடக்' என்று ஒரு பக்கம் சாயும். அதில் சாமி உட்கார மாட்டார், நாங்களும் உட்காரக் கூடாது. அடுத்தவன் சாமியைப் பற்றி யாராவது வாய் திறக்க வேண்டுமென்றால், முதலில் அந்த மதத்துக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த முக்காலியில் உட்கார வைக்க வேண்டும். பேசி முடித்ததும் சாமி அவரைப் பார்த்து, "இவன் சொன்னது சரியா?" என்று கேட்பார். அவர் தலையாட்டினால் தப்பித்தோம், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. முக்காலி காலியாக இருந்தால் அன்றைக்கு அந்தப் பேச்சே கிடையாது. "ஆள் இல்லாத எடத்துல அவன் சாமியப் பத்திப் பேசாத. உக்கார வெச்சிட்டுப் பேசு," என்பார். அத்தனை வருட வகுப்பில் அவர் சொன்ன தத்துவமெல்லாம் சேர்த்தால் இந்த இரண்டு வாக்கியம்தான் தேறும். மற்ற நேரமெல்லாம் எங்களை நகம் வெட்டச் சொல்லித் திட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் குவாட்டர்ஸ் முழுக்க 'ஆள் பிடிக்க' அலைவோம். மூன்றாம் வரிசை வீட்டிலிருந்த பிலோமினா ஆன்டியைக் கூப்பிடுவது ஆபத்து. மாதாவைப் பற்றி ஒரு பையன் ஒரே ஒரு வரி தப்பாகச் சொன்னதற்கு முக்காலி முனகமுனக நாற்பது நிமிடம் திருத்தினார். அன்றைக்கு சாமியே பசி தாங்காமல் விசில் ஊதிவிட்டார். எங்களுக்கு வசதியான ஆள் கபீர்தான். அவன் அப்பா, அவன் பாஷையில் அத்தா, தெரு முனையில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். கபீர் என் வகுப்புத் தோழன், என்னைவிட ஒல்லி, சுண்டல் என்றால் எங்கே வேண்டுமானாலும் உட்காருவான்.

ஆனால் அவன் அத்தா லேசில் விடவில்லை. பையனைச் சாமி கும்பிட வைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம், அது நியாயமான பயமும்கூட. சாமி கடைக்கே போனார். வாங்காத பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"பாய், பூசைக்கு முன்னாடி ரெண்டு விசில் ஊதுவேன். பையன் வெளிய வந்துருவான். கடையில நின்னே உங்களுக்குக் கேக்கும்."

"விசில் கேக்கலன்னா?"

"நீங்க வந்து கொட்டகையப் பிரிச்சுப் போட்டுருங்க."

அத்தா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு விசில் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

சுண்டலிலும் சாமி ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுண்டல் சட்டி பூசைப் படத்துக்கு முன்னால் போவதற்கு முன்பே இரண்டு கரண்டியை ஒரு சின்ன டிபன் டப்பாவில் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். எங்களில் ஒருவன், படைக்காமல் எப்படிச் சாமி எடுக்கலாம் என்று கேட்டுவிட்டான். அந்த ஒருவன் நான்தான். "படைச்சா கபீர் சாப்பிடக்கூடாதுடா. அவன் சாப்பிட முடியாதத அவனுக்குக் குடுத்துட்டு, நான் குடுத்தேன் நான் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு பீத்தல்," என்றார். இந்தப் பக்கம் இப்படியென்றால் அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சாமி சைவம் என்று தெரிந்ததும் கபீரின் அம்மா இறைச்சி படாத ஒரு புதுச் சட்டியைத் தனியாக எடுத்து வைத்து, பெருநாளுக்கு அதில்தான் சேமியாப் பாயசம் காய்ச்சி அனுப்புவார். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயரே 'சாமி சட்டி'.

கபீரை உட்கார வைத்து நான் முதன்முதலில் பேசியது நோன்பைப் பற்றி. "நோன்புன்னா பகல்ல சாப்பிடாம இருந்துட்டு ராத்திரி டபுளா சாப்பிடுறது," என்று ஆரம்பித்தேன். "தப்பு சாமி," என்றான் கபீர். "பகல்ல தூங்கிட்டா பசிக்காது." "தப்பு சாமி." அவனுக்கும் சரியான பதில் தெரியாது என்பது எனக்குத் தெரியும், ஆனால் முக்காலியில் இருப்பவன் அவன், அதிகாரம் அவனுடையது. மூன்று ஞாயிறு இப்படியே போனது. நோன்பு என்றால் என்ன என்று நானே பிடித்துப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் முயன்றேன். காலை ஒன்பதரை மணி வரை மிகுந்த பக்தியோடு இருந்தேன். நான்காவது வாரம் கபீர் பொறுக்க முடியாமல் தன் அத்தாவையே கேட்டுவிட்டு வந்து சொன்னான்.

"பசி மட்டும் இல்லயாம் சாமி. பொய் சொல்லக்கூடாது, ஆள் இல்லாதப்ப அவனப் பத்திப் பேசக்கூடாது. அப்படிப் பேசினா பட்டினி கெடந்ததுக்குப் பலனே இல்லன்னு அத்தா சொன்னாங்க."

சாமி முக்காலியை ஒரு பார்வை பார்த்து, "அட, நானா கண்டுபிடிச்சதுன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேனே," என்றார். அன்றைக்கு டிபனில் மூன்று கரண்டி போனது.

மண்டபத்தில் நான் பேசியது ஏறக்குறைய இதையெல்லாம்தான். சாமி போன பிறகு குவாட்டர்ஸை இடித்தார்கள். சிலர் சாலாக் செலாத்தான், சிலர் கிள்ளான், சாமி பெயரில் சங்கம் வைத்தவர்கள் செமினி என்று சிதறிப்போனோம். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு கொண்டோ அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம். முக்காலி மட்டும் சங்கத்தோடு செமினிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் என்னிடம் வந்தது. "அங்கிள், அந்தக் கபீர் அங்கிள் இப்ப இருக்காரா?"

"இருக்கான்மா. கிள்ளான்ல ஏர்கோன் கடை வெச்சிருக்கான்."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

சங்கத் தலைவரைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் லா சார் வம்பு? முஸ்லிம பூசை நடக்கிற எடத்துக்கு இழுத்தோம்னு எவனாச்சும் கம்ப்ளேன் பண்ணா யாரு பதில் சொல்றது? சாமி காலம் வேற," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கபீரைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பு எனக்கே வரவில்லை. வராததற்கு ஒரு காரணமும் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கபீரின் அத்தா இறந்துபோனார். விடியற்காலையில் செய்தி அனுப்பியிருந்தான். சட்டை மாற்றிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. பள்ளிவாசலுக்குள் விடுவார்களா, தலையில் ஏதாவது போட வேண்டுமா, அடக்கம் செய்கிற இடத்தில் நான் எங்கே நிற்பது, யாராவது ஏதாவது சொல்லிவிட்டால்? நான்கு வாரம் நோன்பைப் பற்றிப் பாடம் கேட்டவனுக்கு, போனை எடுத்து, "டேய், நான் வரலாமா?" என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. இரண்டு கை கூப்பிய பொம்மைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். 'tq' என்று இரண்டே எழுத்தில் நன்றி வந்தது. அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தப் பெண் கேட்ட பிறகு கையிலிருந்த சுண்டலை அப்படியே வைத்துவிட்டேன். இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு டப்பா நிறையச் சுண்டலைக் கட்டி வாங்கிக்கொண்டு நேராகக் கிள்ளானுக்கு ஓட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று விதமான வசனங்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒன்றில் அழவும் செய்தேன்.

கபீர் வீட்டு வாசலில் உட்கார்ந்து குளிர்சாதனச் சல்லடையைக் குழாய்த் தண்ணீரில் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வா, பேச்சாளரே. ஃபேஸ்புக்ல லைவா பாத்தேன். நாலு எடத்துல தப்பு."

"எங்கடா?"

"நோன்பு பசிய உணர்றதுக்குன்னு சொல்லி முடிச்சிட்ட. ஆள் இல்லாதப்ப பேசக்கூடாதுங்கறத விட்டுட்டியே. அது எப்படி ஞாபகம் இருக்கும்? நான்தான் அங்க இல்லயே."

என் மூன்று வசனங்களும் பறந்துபோயின. பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை நீட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். அந்த ஒரு வினாடி, பத்து வயதுக் கபீரின் முகம் வந்து போனது.

"முன்னாடி எடுத்ததா, படைச்சதுக்கு அப்புறமா?"

எனக்குத் தெரியும். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டிய சட்டியிலிருந்துதான் அள்ளிப் போட்டார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். காலையில் அந்தச் சின்ன டிபனைப் பற்றி ஐந்து நிமிடம் உருகிப் பேசி, முன்வரிசையில் இரண்டு அம்மாக்களைக் கண் கலங்கவும் வைத்தவன் நான். கபீர் சத்தம் வராமல் மூடியை மூடி என் மடியில் வைத்தான். "நீ சாப்பிடு."

உள்ளிருந்து அவன் மனைவி ஒரு குவளையில் சேமியாப் பாயசம் கொண்டுவந்தார். "பயப்படாம குடிங்கண்ணே. மாமியோட சாமி சட்டியிலதான் காய்ச்சினேன். அதுல வேற ஒண்ணும் செய்றதில்ல." நான் வாரத்தில் ஆறு நாள் கோழி தின்கிறவன். அதைச் சொல்லாமல் குடித்தேன்.

"கபீர், அத்தாவுக்கு நான்..."

"விடு. மூணு வருஷம் ஆச்சு. வருவேன்னு பாத்தேன். கேட்டுக்கிட்டே நின்னேன், கார் சத்தம் வருதான்னு." சல்லடையை உதறி வெயிலில் சாய்த்து வைத்தான்.

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தேன். கார் வரைக்கும் கூட வந்தான். எதையாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற என் பழைய வியாதியில், போனை எடுத்து முக்காலியின் படத்தைக் காட்டினேன். சங்கத்தில் அதைப் பிரமாதமாக வைத்திருக்கிறார்கள்: குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்து, வார்னிஷ் அடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத் துணி விரித்து, மூன்று கால்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகை மாலை போட்டு, கீழே 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை.

"பாத்தியா, எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம்? அடுத்த வருஷம் நீ வரணும்டா. தலைவர்கிட்ட நான் பேசுறேன்."

கபீர் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி, மாலை, குங்குமம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். பிறகு போனை என் சட்டைப் பையில் அவனே போட்டுவிட்டுச் சொன்னான்:

"நான் உக்காந்த முக்காலிக்கே மாலை போட்டுட்டீங்க. இனி நான் வந்தா எங்கடா உக்கார்றது?"